ஐம்பதாயிரம் மூன்றரை லட்சமான கதை: திருத்திய புரோநோட்டை வெளிச்சம் காட்டிக்கொடுக்குமா?

நிலமும் சட்டமும் – வாசகர் கேள்வி பதில்

புரோநோட்டு, கிரய ஒப்பந்தம், உயில், பழைய பத்திரம் என்று விஷயம் வேறுவேறாக இருந்தாலும், இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ‘காகிதத்தில் கைவைத்துவிட்டார்கள். அதை நிரூபிக்க வழி இருக்கிறதா?’ வழி இருக்கிறது. ஆனால், அந்த வழி எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அதனால், இந்த இதழ் முழுக்க அதைப் பற்றியே பேசிவிடலாம்.

கேள்வி: ‘‘2021 ஜூன் மாதம், மஞ்சள் நடவுச் செலவுக்காக, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் 50,000 ரூபாய் வாங்கினேன். அச்சடித்த புரோநோட்டில் தொகை, தேதி எல்லாம் எழுதி, ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 2023 மார்ச் மாதம் மஞ்சள் விற்ற பணத்தில் அசலும் வட்டியும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். ‘நோட்டு பீரோவில் எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன்’ என்றார். நானும் நம்பி விட்டுவிட்டேன். இப்போது கோர்ட்டில் இருந்து சம்மன் வந்திருக்கிறது. 10.6.2024 அன்று 3,50,000 ரூபாய் வாங்கியதாக வழக்கு. சம்மனோடு வந்த ஜெராக்ஸைப் பார்த்தால் கையெழுத்து என்னுடையதுதான். ஐம்பதாயிரத்துக்கு முன்னால் ‘மூன்று லட்சத்து’ என்று சேர்த்திருக்கிறார்கள். 2021-ல் இருந்த ஒன்றை நான்காக்கிவிட்டார்கள். எனக்கு இருப்பதே ஒன்றரை ஏக்கர். அது போய்விடுமா?’’

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: பதறாதீர்கள் அய்யா. ஆனால், தாமதிக்கவும் செய்யாதீர்கள். சம்மனில் குறித்துள்ள தேதிக்கு வக்கீல் மூலம் ஆஜராகிவிடுங்கள். சாதாரண பண வழக்காக இருந்தால், எதிர்வழக்குரை தாக்கல் செய்ய 30 நாள் அவகாசம். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-வது ஆணைப்படி சுருக்க விசாரணையாகப் போட்டிருந்தால், 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். சம்மனை எடுத்துக்கொண்டு போய் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அறுவடை முடியட்டும் என்று சம்மனை மூலையில் போட்டுவிட்டு, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்த பிறகு ஓடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

இரண்டாவது, எதிர்வழக்குரையில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ‘கையெழுத்தே என்னுடையது இல்லை’ என்று மறுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்று ஆய்வில் தெரிந்துவிட்டால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். ‘கையெழுத்து என்னுடையது. நான் எழுதிக் கொடுத்த தொகை 50,000. தேதி 10.6.2021. ‘மூன்று லட்சத்து’ என்ற சொற்களும், எண்ணில் உள்ள 3-ம், ஆண்டில் உள்ள 4-ம் பின்னால் சேர்க்கப்பட்டவை’ என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் சந்தேகம் என்று சொன்னால்தான், நிபுணரும் அந்த இடத்தில் கேமராவை நிறுத்துவார்.

அவர்கள் ஏன் தேதியையும் மாற்றினார்கள் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். கேட்டதும் தரவேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 2021 ஜூன் நோட்டுக்கு அந்தக் கெடு முன்னதாகவே முடியும். அதற்கு உயிர் கொடுக்கத்தான் அந்த நான்கு.

சட்டம் இங்கே உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ன் 87-வது பிரிவுப்படி, சம்மதம் இல்லாமல் முக்கியமான திருத்தம் செய்த நோட்டு, சம்மதிக்காதவர்மீது செல்லாது. தொகையும் தேதியும் முக்கியமானவைதான். திருத்தம் நிரூபணமானால், ‘மூன்று லட்சத்தைத் தள்ளிவிட்டு ஐம்பதாயிரத்தையாவது கொடுங்கள்’ என்று அந்த நோட்டை வைத்துக் கேட்க முடியாது. ஆக, வழக்கின் உயிர் அந்த மூன்று இடங்களில் இருக்கிறது. அங்கேதான் ஒளி வேலை செய்கிறது.

கண்ணுக்கு ஒரே நீலம்... கேமராவுக்கு இரண்டு நீலம்

நம் கண்ணுக்குத் தெரிவது, ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட ஒளி மட்டும்தான். அதற்குக் கீழே புற ஊதா, மேலே அகச்சிவப்பு. டிரோனிலும் செயற்கைக்கோளிலும் பயிரைப் படம் பிடித்து, எந்தப் பாத்தி வாடுகிறது என்று சொல்கிறார்கள் அல்லவா... அது எப்படி? நல்ல பச்சை இலை, அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். வாடிய இலை அந்த அளவுக்கு அனுப்பாது. நம் கண்ணுக்கு இரண்டும் பச்சையாகவே தெரியும் நாளிலேயே, கேமராவுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

பேனா மையும் அப்படித்தான். இரண்டு கம்பெனிகளின் நீலப் பால்பாயின்ட் பேனாக்களால் எழுதினால், நமக்கு ஒரே நீலம். ஆனால், உள்ளே இருக்கும் சாயக் கலவை வேறு. அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால், ஒரு மை கறுப்பாக நிற்கும். இன்னொன்று, காகிதத்தில் எழுதவே இல்லாததுபோல மறைந்துவிடும். கரி கலந்த கறுப்பு மை அழுத்தமாக நிற்கும். சாயத்தால் ஆன மைகளில் பல காணாமல் போகும். வேறொரு முறையும் உண்டு. நீலப் பச்சை ஒளியைப் பாய்ச்சி, அகச்சிவப்பு வடிகட்டி வழியாகப் பார்த்தால், சில மைகள் இருட்டில் மின்னுவதுபோல ஒளிரும். மற்றவை ஒளிராது. ரப்பராலோ மருந்தாலோ அழித்த எழுத்தின் மிச்சம்கூடச் சில நேரம் இந்த முறையில் மேலே வந்துவிடும்.

உங்கள் நோட்டில் 2024 என்பதை இப்படிப் பார்க்கும்போது, நான்கின் மற்ற கோடுகள் மறைந்து, நடுவே ‘1’ மட்டும் தனியாக நிற்கலாம். ‘மூன்று லட்சத்து’ மறைந்து, ‘ஐம்பதாயிரம்’ மட்டும் நிற்கலாம். அந்தப் படத்தை அறிக்கையோடு நீதிமன்றத்தில் வைத்தால், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒளிகளையெல்லாம் ஒரே பெட்டிக்குள் வைத்த கருவிக்கு ‘வீடியோ ஸ்பெக்ட்ரல் கம்பேரேட்டர்’ என்று பெயர். சுருக்கமாக, வி.எஸ்.சி. இங்கிலாந்தின் ‘ஃபாஸ்டர் அண்டு ஃப்ரீமேன்’ நிறுவனம் தயாரிக்கும் இந்தக் கருவி, உலகம் முழுக்க ஆவண ஆய்வகங்களில் இருக்கிறது. ஆவணத்தைத் தட்டில் வைத்து, அலைநீளத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே திரையில் பார்ப்பார்கள். காகிதத்தை வெட்டுவதோ, மருந்து தடவுவதோ கிடையாது. அசல் போனபடியே திரும்பி வரும்.

சாய்ந்த வெயிலும், முட்டைக்குப் பின்னால் விளக்கும்

அகச்சிவப்பு தவிர, இன்னும் இரண்டு எளிய வழிகள் உண்டு. இரண்டும் நமக்குப் பழக்கமானவைதான். உச்சி வெயிலில் பார்த்தால் சமன் செய்த வயல் ஒரே மட்டமாகத் தெரியும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்துக்கும் பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடிப்பார்கள். சுரண்டிய இடத்தில் நார் எழும்பி நிற்பது தெரியும். மேல் தாளில் அழுத்தி எழுதியதால் கீழ்த் தாளில் விழுந்த பள்ளமும் தெரியும்.

அடைக்கு வைத்த முட்டையைப் பின்னால் விளக்கு வைத்துப் பார்த்து, கரு கூடியிருக்கிறதா என்று சொல்கிறோம். அதே மாதிரி, காகிதத்துக்குப் பின்னாலிருந்து ஒளி விட்டால், சுரண்டி மெலிந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். நீர்க்குறி தெரியும். வெள்ளை மை பூசி மேலே எழுதியிருந்தால், அடியில் உள்ள எழுத்தும் தெரிய வாய்ப்பு உண்டு.

ஒளி சொல்லாத விஷயங்கள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ‘ஆய்வுக்குப் போனால் ஜெயித்துவிடலாம்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, திருத்தியவர் அதே ரக பேனாவால் திருத்தியிருந்தால், ஒளிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். ‘மையில் வேறுபாடு காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், ‘திருத்தம் இல்லை’ என்று அர்த்தம் இல்லை. வேறுபாடு தெரியவில்லை, அவ்வளவுதான். அப்போது எழுத்துகளின் நெருக்கம், சாய்வு, கோட்டின் அழுத்தம், எழுதியவரின் கைப்பாங்கு ஆகியவற்றை வைத்து நிபுணர் சொல்ல வேண்டியிருக்கும். புரோநோட்டில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளையும், நோட்டை எழுதியவரையும் உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு, மை வேறு என்று வந்தாலும், அது மட்டுமே மோசடி ஆகிவிடாது. எழுதும்போது பாதியில் பேனா தீர்ந்திருக்கலாம். ஆனால், உங்கள் நோட்டில் ‘மூன்று லட்சத்து’ ஒரு மை, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை வேறு மை, நான்கின் ஒரு கோடு ஒரு மை, மற்றவை வேறு மை என்று வந்தால், பேனா தீர்ந்த கதையைச் சொல்ல முடியாது.

மூன்று, ‘இந்த மை எந்த வருஷம் எழுதியது?’ என்ற கேள்விக்கு வி.எஸ்.சி பதில் சொல்லாது. மையின் வயதைக் கண்டுபிடிக்க நோட்டை அனுப்ப வேண்டும் என்று மனுப்போட்டே பலர் மாதக்கணக்கில் காலத்தை இழக்கிறார்கள். 2010-ல் அப்படியொரு மனு வந்தபோது, தடய அறிவியல் துறையின் விளக்கத்தைக் கேட்டபிறகு, அதற்காக அனுப்புவதில் பயனில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, மனுவில் ‘வயது என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘குறிப்பிட்ட இந்தச் சொற்களும், இந்த எண்களும், நோட்டில் உள்ள மற்ற எழுத்துகளும் ஒரே மையால் எழுதப்பட்டவையா? அழித்தல், சேர்த்தல், திருத்தல் உண்டா?’ என்று கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால்தான் பதிலும் பயன்படும்.

அசல் எப்படி ஆய்வகம் போகும்?

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 26-வது ஆணை, 10-ஏ விதியின்கீழ் உங்கள் வக்கீல் மனுப்போட வேண்டும். நிபுணர் கருத்தை நீதிமன்றம் ஏற்பதற்கான பிரிவு, முன்பு சாட்சியச் சட்டத்தில் 45. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 39. மனு அனுமதிக்கப்பட்டால், பெரும்பாலும் ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்து, அவர் கையில் அசலைக் கொடுத்து, சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு அனுப்புவார்கள். செலவை, கேட்கும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த மனுவை விசாரணையின் கடைசியில் போடாதீர்கள். ‘வழக்கை இழுத்தடிக்கிறார்’ என்று தள்ளுபடி ஆகலாம். எதிர்வழக்குரை தாக்கல் செய்த கையோடு பேசி வையுங்கள். அதற்கு முன், கோர்ட்டில் உள்ள அசலைப் பார்வையிட வக்கீலோடு நீங்களும் போய் வாருங்கள். ஜெராக்ஸில் எல்லா மையும் ஒரே கறுப்புத் தூளாகிவிடும். அசலில்தான் நிற வேறுபாடும், அழுத்தமும், நெருக்கமும் தெரியும்.

நிபுணர் அறிக்கை வந்தாலும், அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். நிபுணர் கருத்தை எச்சரிக்கையோடு ஏற்கலாம், அது நம்பும்படி இருந்தால் வேறு ஆதாரம் கட்டாயம் வேண்டும் என்ற விதி இல்லை என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், பக்கபலம் இருப்பது நல்லது. 2023 மார்ச் மாதம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் விற்ற ரசீது, அந்த வாரம் வங்கியில் பணம் எடுத்த விவரம், பணம் கொடுக்கும்போது உடன் இருந்தவர் என்று இருப்பதையெல்லாம் எடுத்துவையுங்கள். கடன் சீட்டைத் திருத்துவது குற்றவியல் சட்டப்படியும் பெரிய குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-வது பிரிவு, மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாக்கினால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதை வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ‘‘நான் வெறும் புரோநோட்டில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். இப்போது 4 லட்சம் என்று நிரப்பியிருக்கிறார்கள். கையெழுத்து ஒரு மை, மற்றது வேறு மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாமா?’’

– வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: மன்னிக்கவும் அய்யா. அதை மட்டும் வைத்துத் தப்பிப்பது சிரமம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவு, ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள முதல் நோக்கில் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறது. 118-வது பிரிவு, பணம் கைமாறியதாகவே அனுமானிக்கச் சொல்கிறது. வெற்றுக் காசோலையில் விருப்பப்பட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாலும் அனுமானம் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. நோட்டை ஒருவர் எழுத, கடன் வாங்குகிறவர் தன் பேனாவால் கையெழுத்துப் போடுவது, நேர்மையான கடனிலும் நடப்பதுதான். ஆகவே, இரண்டு மை என்பதால் ஒன்றும் உடைந்துவிடாது.

ஆனால், இந்த அனுமானத்தை மறுத்து நிரூபிக்க உங்களுக்கு உரிமை உண்டு. 4 லட்சம் கொடுக்கும் வசதி அவருக்கு இருந்ததா, பணம் எப்படி வந்தது, எங்கே வைத்து யார் முன்னால் கொடுத்தார், நோட்டில் உள்ள தேதியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் உடைக்க வேண்டும். உங்கள் வழக்கில் சாட்சிக் கூண்டுதான் ஆய்வகம்.

கேள்வி: ‘‘எங்கள் பாட்டி எழுதியதாகச் சொல்லி, மூன்று பக்க உயில் ஒன்றை சித்தப்பா காட்டுகிறார். பதிவு செய்யாதது. கடைசிப் பக்கத்தில் பாட்டியின் கைநாட்டு இருக்கிறது. கிணறும் தோப்பும் சித்தப்பாவுக்கு என்பது நடுப்பக்கத்தில். அந்தப் பக்கம் மட்டும் பின்னால் செருகியதுபோல் தோன்றுகிறது.’’

– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: பக்கம் மாற்றுவது பழைய தந்திரம்தான் அம்மா. இதற்குப் புற ஊதா ஒளி உதவும். இப்போதைய வெள்ளைக் காகிதங்களில் பெரும்பாலானவற்றில் வெண்மையூட்டி என்ற பொருள் சேர்த்திருக்கும். துணிக்கு நீலம் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். புற ஊதா ஒளி பட்டால் அது நீல வெண்மையாக ஒளிரும். கம்பெனிக்குக் கம்பெனி, ரகத்துக்கு ரகம் இந்த ஒளிர்வு வேறுபடும். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுத்தாள் மட்டும் வேறாக ஒளிர்கிறதா என்று தெரிந்துவிடும்.

இந்த ஒளிர்வுதான் ஒரு முறை உலகத்தையே ஏமாற்ற இருந்த ஆவணத்தைப் பிடித்துக்கொடுத்தது. 1983 ஏப்ரலில், ஹிட்லரின் கைப்பட எழுதிய நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ பத்திரிகை அறிவித்தது. பெரும் தொகை கொடுத்து வாங்கியிருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்த நிபுணர்கள் சிலர், அது உண்மை என்றே சொல்லியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த ‘அசல்’ மாதிரிகளிலேயே சில, அதே போலிக்காரர் எழுதியவை! ஆனால், ஆய்வகத்தில் புற ஊதா ஒளியில் வைத்தபோது காகிதம் ஒளிர்ந்தது. அதிலிருந்த வெண்மையூட்டி, ஹிட்லர் இறந்த 1945-க்குப் பின்பே காகிதத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அறிவித்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஜெர்மனியின் தேசிய ஆவணக் காப்பகம் அதைப் போலி என்று அறிவித்தது.

உங்கள் உயிலில் காகிதம் மட்டும் போதாது. ஒரே நாளில் இரண்டு கட்டிலிருந்து தாள் எடுத்து எழுதியிருக்கவும் கூடும். அதனால், பின் குத்திய துளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் இரண்டு ஜோடித் துளை, நடுப்பக்கத்தில் ஒரே ஜோடி என்றால், உயிலைப் பிரித்துக் கோத்திருக்கிறார்கள் என்று பொருள். கைநாட்டு எழுத்தின்மேல் விழுந்து குழம்பியிருந்தால், ஸ்டாம்ப் பேட் மை மறையும் ஒளியில் எழுத்தையும், எழுத்து மறையும் ஒளியில் ரேகையையும் பிரித்துப் படம் எடுக்க வாய்ப்பு உண்டு. அந்த ரேகை பாட்டியுடையதா என்று சொல்ல வேண்டியவர் ரேகை நிபுணர். பாட்டியின் ரேகை உள்ள பழைய பதிவுப் பத்திரம் எதுவாவது இருந்தால், ஒப்பிட உதவும்.

இன்னொன்று, உயில் உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு, அதைக் காட்டும் சித்தப்பாவுடையது. இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும். சந்தேகமான சூழ்நிலைகளை விளக்கித் தீர்க்க வேண்டியதும் அவர்தான்.

கேள்வி: ‘‘தாத்தா 1958-ல் வாங்கிய கிரயப் பத்திரம் மங்கிவிட்டது. எழுத்தின்மேல் பேனாவால் எழுதி, லேமினேஷன் செய்து வைக்கலாமா?’’

– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். மங்கிய எழுத்தின்மேல் நீங்கள் ஒரு கோடு போட்டாலும், நல்ல பத்திரம் திருத்திய பத்திரமாகிவிடும். லேமினேஷன் போட்டால், பிளாஸ்டிக் படலம் ஒளி ஆய்வுக்குக் குறுக்கே நிற்கும். சூட்டில் ஒட்டுவதால் பிரித்து எடுக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் எழுதியது இரும்பு கலந்த மை என்றால், புற ஊதா ஒளியில் காகிதம் ஒளிர, எழுத்து கறுத்துத் தெரியும். மங்கியதைப் படிக்க அதுவே போதும்.

பதிவு செய்த பத்திரம்தானே... முதலில் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். பத்திர எண் தெரியவில்லை என்றால், வில்லங்கச் சான்று போட்டுக் கண்டுபிடியுங்கள். அதற்காக அசலை விட்டுவிடாதீர்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டியவரிடமிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தை உண்மை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சட்டத்தில் 90-வது பிரிவு, இப்போது 92. இந்தச் சலுகை அசலுக்குத்தான், நகலுக்கு இல்லை. அசலைத் தனிக் காகித உறையில், மடிப்பு விரித்து, ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். செலோ டேப், கோந்து, குண்டூசி எதுவும் வேண்டாம்.

கேள்வி: ‘‘கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு கடையில் கிடைக்கிறது. அதில் நாமே பார்த்துக்கொள்ளலாமா?’’

– வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: உங்கள் சொந்த ஆவணத்தைப் பார்த்து, சந்தேகத்துக்கு இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உதவும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், சுரண்டலும் அழுத்தமும் ஓரளவு தெரியும். வெகுநேரம் காட்ட வேண்டாம், மை மங்கும். மைகளைப் பிரித்துக் காட்டும் அகச்சிவப்பு வேலை செல்போன் கேமராவால் ஆகாது. அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் பார்த்தது உங்கள் சந்தேகத்துக்குத்தான். நீதிமன்றத்துக்கு நிபுணர் அறிக்கைதான் வேண்டும்.

இனி எழுதும்போது...

திருத்தியதைக் கண்டுபிடிப்பதைவிட, திருத்த இடம் கொடுக்காமல் இருப்பது சுலபம். களை முளைத்த பின் எடுப்பதற்கும், முளைக்க விடாமல் மூடாக்குப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

* தொகையைக் கோட்டின் ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். ‘ரூபாய்’ என்ற சொல்லுக்கும் தொகைக்கும் நடுவே இடம் விடாதீர்கள். முடிவில் ‘மட்டும்’ என்று எழுதி, மிச்ச இடத்தில் கோடு இழுங்கள்.
* தேதியை எண்ணில் எழுதினால் போதாது. மாதத்தையும் ஆண்டையும் எழுத்தாலும் எழுதுங்கள். ஒன்று நான்காகும், ‘இருபத்தொன்று’ ‘இருபத்து நான்கு’ ஆவது கடினம்.
* நோட்டு முழுவதையும் நீங்களே, ஒரே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் எவர் சேர்த்தாலும் வேறு கை, பெரும்பாலும் வேறு மை.
* கொடுப்பதற்கு முன், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் செல்போனில் படம் எடுத்து, அன்றே வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.
* பணத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுங்கள். பகுதித் தொகை கொடுத்தால், நோட்டின் பின்பக்கம் வரவு எழுதும்போது உடனிருந்து பாருங்கள். உங்கள் கையெழுத்தோடு வரவு வைத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும்.
* கணக்கு முடிந்த அன்றே நோட்டைக் கையில் வாங்குங்கள். ‘தேடித் தர்றேன்’ என்றால், ‘இந்தத் தேதியிட்ட, இந்தத் தொகைக்கான நோட்டின் கணக்கு முழுவதும் பைசல்’ என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு பணத்தை நீட்டுங்கள். அதற்காக அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஈரோடு வாசகருக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் இல்லாத அந்த நோட்டு, இப்போது நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இனி யாரும் அதில் கைவைக்க முடியாது. அதில் இருக்கும் இரண்டு மைகளும் அப்படியே இருக்கும். நீங்கள் சம்மன் தேதியைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

(அடுத்த இதழில்: கூட்டுப் பட்டாவில் பங்கு பிரிப்பது எப்படி?)